மூன்று தரம் கொதித்த தண்ணீர்

ஐப்பசி 14, திங்கள்.

நித்திரை வரவில்லை. நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் இன்று பின்னேரம் நடந்ததை எழுதிவிட்டால் வரலாம்.

கிண்ணியாவிலிருந்து வரும் றிஃப்கா மிஸ், கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் நுண்ணுயிர்களை ஆராய்கிறார். செவ்வாய்க் கிரகத்தில் உயிர் இருந்தால் எப்படி ஒளிந்திருக்கும் என்று இவற்றை வைத்து ஊகிக்கலாமாம். ஒப்பிட்டுப் பார்க்க, உயிரே இல்லாத ஒரு போத்தல் தண்ணீர் கேட்டிருந்தார். கிணற்றுத் தண்ணீரை மூன்று தரம் கொதிக்கவைத்து, இறுக மூடி, ‘உயிரில்லை’ என்று லேபல் ஒட்டியது நான்தான்.

இன்று பார்த்தால் அது கலங்கியிருந்தது. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். அசைந்தது.

“நான் வடிவாத்தான் கொதிக்க வச்சனான், மிஸ்.”

“உங்கட பிழை இல்ல. இதுகள் ஓட்டுக்குள்ள ஒடுங்கிக் கிடக்கும். செத்த மாதிரித்தான் தெரியும். எத்தின வருஷமெண்டாலும் கிடக்கும்.”

அவருக்குச் சந்தோஷம். நான் லேபலைத் திரும்ப வாசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: “கன்னியாத் தண்ணியில என்ன பிள்ளை கண்டனீ?”

“ஒண்டுமில்லையம்மா.”

போன மாதம் அதே கிணற்றடியில்தான், செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டியை அண்ணாவுக்குச் செய்தோம். போரின் கடைசி மாதங்களில் காணாமற்போனவர். உடலும் இல்லை, தகவலும் இல்லை. இனிக் காத்திருக்க ஏலாது என்று முடிவெடுத்தது நான். அம்மா கிரியைக்கு வரவில்லை. இறப்புப் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

போத்தலில் அந்த லேபல் இன்னும் இருக்கிறது. நாளைக்குப் போனவுடன் கிழித்துவிடலாம். ஆனால் அரசாங்கக் கச்சேரியில் கொடுத்த அந்தப் படிவத்தை எப்படிக் கிழிப்பது?