முந்திரிக் கிடங்குப் பிரெஞ்சு

அண்ணே,

இன்று காலை உன் கைபேசி அடித்தது. நீ போய் எட்டு மாதம் ஆகியும் அதற்குச் சார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மேசையில் ஜெமியும் சின்னவனும் பிரெஞ்சுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். திரையில் ஐவரி கோஸ்ட் எண்.

பிரெஞ்சை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்ததே நீதான். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிறேன் என்றதும் சொந்தபந்தமெல்லாம் எனக்குக் கிறுக்கு என்றது. நீ மட்டும், "ஏளா, அப்ப பிரெஞ்சு என் பொறுப்பு" என்றாய். தூத்துக்குடிக்குக் கப்பலேறும் முந்திரிக்கொட்டையைத் தரம் பார்க்க, வருஷத்தில் நாலு மாதம் ஐவரி கோஸ்டில், அபிஜானில் கிடப்பவன் நீ. கொட்டையை வெட்டிப் பார்த்துக்கொண்டே வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாய். பின்னால் மூடை விழுகிற சத்தம் கேட்கும். முதல் பாடம், "ஓன் தி க்வா?" என்ன சேதி என்று அர்த்தம். அதற்குப் பதில், "ஓன் நே லா." இருக்கோம். பிள்ளைகள் அதையும் ஒன்று இரண்டு எண்ணியதையும் பதிவு செய்து உனக்கு அனுப்புவார்கள்.

அப்புறம் நான் இணையத்தில் ஒரு டீச்சரைப் பிடித்தேன். ஜெமி அவரிடமே "ஓன் தி க்வா?" என்று கேட்டுவிட்டாள். இது தெருப்பேச்சு, பரீட்சையில் மார்க் போய்விடும் என்று அவர் முகம் சுளித்தார். எனக்கு மானமே போனது. அன்றைக்கே உன்னிடம், "இனி அனுப்பாதண்ணே, பிள்ளைக பேச்சு கெட்டுப்போவுது" என்றேன். "சரிளா, மூடை தூக்குதவன்கிட்ட படிச்சவன் வேற எப்படிப் பேச?" என்றாய். அதோடு நிறுத்திவிட்டாய். ஊர் திரும்பிய மறுவாரம் நெஞ்சுவலியில் போயும்விட்டாய். நான் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

இன்று போனில் வந்தது, உன்னோடு கிடங்கில் வேலை பார்த்தவர். சீசன் தொடங்குகிறது, எப்போது வருகிறாய் என்று உன்னைக் கேட்கிறார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும்தான் படித்தேன். ரயில் நிலையத்துக்கு வழி கேட்பேன், ரொட்டி வாங்குவேன். என் அண்ணன் இறந்துவிட்டான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஜெமி போனை வாங்கி, சின்னச் சின்ன வார்த்தையாகச் சொன்னாள்.

பிறகு அவர் சொன்னதை ஜெமி எனக்குச் சொன்னாள்.

"நாங்க எண்ணுனத மாமா தெனமும் கெடங்குல போட்டுக் காட்டுவாங்களாம்மா. என் கொரல வச்சே ஆள் தெரிஞ்சிட்டாம். இப்பல்லாம் ஏன் புதுசா வரலன்னு கேட்டதுக்கு, 'என் தங்கச்சி பெரிய டீச்சரா வச்சிருக்கா, பிள்ளைக என்னயத் தாண்டிப் போயிட்டு'ன்னு பெருமையா சொன்னாங்களாம்."

நான் பிள்ளைகள் முன்னாலேயே அழுதேன் அண்ணே.

வைப்பதற்கு முன் அவர் என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். "ஓன் தி க்வா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஓன் நே லா" என்றேன்.

நாளை முதல் உன் பாடத்தைப் போட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்போம். மார்க் போனால் போகட்டும்.