அம்புக்குறி போகும் பக்கம்

மார்ச் 4

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் குளிரறை மக்கர். அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் ட்யூஷன் தொடங்கிவிட்டது. வேலை உடுப்போடு ஓடினேன். கிரீஸ் வாடையோடு போய் உட்கார்ந்தால் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தள்ளி உட்காருகிறார்கள். உட்காரட்டும், கை நீட்டி எழுத இடம் கிடைக்கிறது.

பக்கத்து இருக்கைப் பெண் மட்டும் நகர மாட்டாள். காதருகே எதையாவது முனகிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் கொசு. இன்று கேட்டாள்:

"அங்கிள், நீங்க ஃபிரிட்ஜ் மெக்கானிக்தானே? அப்புறம் பார்மசி காலேஜ் எதுக்கு?"

"உனக்கெதுக்கு?"

"சும்மா கேட்டேன். எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல தண்ணி ஒழுகுது, வந்து பாக்கறீங்களா?"

இருபத்தாறு வயதில் அங்கிள்!

மார்ச் 5

கொசுவிடம் சொல்லாத பதில்.

ஒரு மருந்துக்கடையில் ஃபிரிட்ஜ் நின்றுபோய்க் கூப்பிட்டார்கள். ரிலேயை மாற்றி ஓடவைத்தேன். "சரியாயிடுச்சு மேடம்" என்றேன். கடையின் மருந்தாளர் அம்மா உள்ளே இருந்த இன்சுலின் குப்பிகளை எல்லாம் எடுத்துத் தனிப் பெட்டியில் போட்டு, 'கொடுக்கக் கூடாது' என்று மேலே எழுதி ஒட்டினார். நானும் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர் போலத்தான் இருந்தது.

"இதுல என்ன கெட்டுப்போச்சு?"

"கண்ணால பாத்துச் சொல்ல முடியாதுங்க. அதுதான் தொல்லையே."

எனக்கு அது பொறுக்கவில்லை. ஃபிரிட்ஜை ஓடவைக்கத் தெரிந்தவனுக்கு அதற்குள் இருப்பது என்னவென்று தெரியாது. ஒரு சூடு பட்டதும் உள்ளே எது எப்படிக் கலைகிறது? தெரிந்தே ஆக வேண்டும் என்று பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை.

போன வருடம் நுழைவுத்தேர்வில் வேதியியலில் போய்விட்டது. அதில் தனியாகத் தேற வேண்டும். கணக்கில் நூறு வாங்கினாலும் ஈடாகாது. இந்த வருடம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் விண்ணப்பிக்கவே முடியாது.

மார்ச் 11

உயிரியலில் சிறுநீரகப் பாடம் முடிந்தது. வடிகட்டி, குழாய், அழுத்தம். இதற்குப் போய் இந்தப் பிள்ளைகள் ஏன் அழுகிறார்கள்?

மார்ச் 12

கரிம வேதியியல். இன்று நான் அழாத குறை.

மார்ச் 16

தங்கை ஆஸ்பத்திரி நர்ஸ். பகல் ஷிப்ட் முடிந்து வந்து, துணி மடித்துக்கொண்டே எனக்குக் கேள்வி கேட்பாள். இன்று நாலாவது கேள்வியிலேயே புத்தகத்தை மூடிவிட்டாள்.

"டேய் அண்ணா, நான் கேள்விய முடிக்கவே இல்ல."

"என்ன கேக்கப்போறேன்னு தெரியும்."

"தெரியல. கல்லீரலைப் பத்திக் கேட்டா கணையத்துக்குப் பதில் சொல்ற. வாய மூடிட்டுக் காதத் திற."

அம்மா சமையலறையிலிருந்து: "அவன் பிறந்ததே அப்படித்தான். டாக்டர் வர்றதுக்குள்ள வந்துட்டான்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு. பாதிக் கேள்வியில் பாய்கிற புத்தி தேர்வறையில் மட்டும் ஒழுங்காக இருந்துவிடுமா?

மார்ச் 20

மேலாளர் கூப்பிட்டார். பக்கத்து ஊர்க் கிளைக்கு மேற்பார்வையாளர் வேண்டுமாம்.

"உன்னைத்தான் மனசுல வச்சிருக்கேன். மாசக் கடைசிக்குள்ள சொல்லிடு. நீ வேணாம்னா சுருட்டைக்குக் கொடுத்துடுவேன்."

சுருட்டை எனக்குக் கீழே வேலை பழகியவன். ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்.

தேர்வு ஏப்ரல் கடைசியில், முடிவு ஜூனில். அங்கே போனால் வாரம் ஏழு நாளும் வேலை. ட்யூஷனும் இல்லை, தேர்வும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தேர்விலும் போனால்? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் "உன் இஷ்டம்" என்பாள். அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் பயம்.

மார்ச் 23

வினை எப்படி நடக்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் பயிற்சி. எந்த அணு எதைப் பிடிக்கிறது, எது கழன்று போகிறது, எல்லாம் வளைந்த அம்புகள். விறுவிறுவென்று போட்டேன். கொசு எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், உங்க அம்பெல்லாம் திரும்பி இருக்கு."

"விடை வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. ஆனா..."

"வந்துச்சுல்ல? உன் தாளைப் பாரு."

முகம் சுண்டிவிட்டது அவளுக்கு. அப்புறம் வகுப்பு முடியும்வரை ஒரு முனகல்கூட இல்லை. அதுவும் என்னவோ போல இருந்தது.

மார்ச் 28

மாதிரித் தேர்வுத் தாள் கைக்கு வந்தது. வேதியியல் – ஃபெயில்.

சும்மா ஃபெயில் இல்லை. அம்பு போடும் பகுதி முழுக்கப் பூஜ்யம். டீச்சர் என்னைவிட ரெண்டு மூணு வயசுதான் பெரியவங்க இருப்பாங்க, தாளை நீட்டிட்டு, "விடையெல்லாம் சரி, வழி எல்லாம் தப்பு. மனப்பாடம் பண்ணிட்டு வர்றீங்களா?"ன்னாங்க. மனப்பாடமா? நானா? வேன்ல, படிக்கட்டுல, சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொண்ணா யோசிச்சு யோசிச்சுப் போட்டது! என்ன தப்புன்னு கேட்கக்கூட நிக்கல. வந்துட்டேன்.

போதும்டா சாமி. எனக்கு இது வராது. வராததை வராதுன்னு ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சுபோகுது? நாளைக்கு மேலாளர்கிட்ட சரின்னு சொல்லிடறேன்.

மார்ச் 29

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலையில் முதல் ஆளாக மேலாளர் அறை வாசலுக்குப் போனேன். உள்ளே யாரோ வாடிக்கையாளரோடு பேச்சு. வெளி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்காரவா எனக்குத் தெரியும்? கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் பையிலிருந்த தேர்வுத் தாளை எடுத்தேன். கிழித்துப் போடத்தான் எடுத்தேன்.

முதல் கேள்வியில் அம்பின் மேல் ஒரு சிவப்பு அடி. இரண்டாவதில் இரண்டு. மூன்று, நான்கு, எல்லாவற்றிலும். ஓர் அம்புகூடத் தப்பித்தவறிச் சரியாக இல்லை.

அங்கேதான் மண்டையில் உறைத்தது. அறிவில்லாதவன் போட்டால் பாதியாவது குருட்டாம்போக்கில் சரியாக விழும். எல்லாமே தப்பு என்றால், ஒரே மாதிரித் தப்பு என்றால், அது பழுதே இல்லை. புதிதாகப் பொருத்திய பெரிய யூனிட்டில் விசிறி தலைகீழாகச் சுற்றினால் நாம் மோட்டாரையா கழற்றுகிறோம்? மூன்று வயரில் இரண்டை மாற்றிக் கொடுத்தால் ஒழுங்காகச் சுற்றப்போகிறது.

என் வயர் எங்கே மாறியிருக்கிறது?

மின்சாரம். தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து நான் வரைந்த எந்தச் சர்க்யூட்டிலும் அம்பு பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குத்தான் போகும். எலக்ட்ரான் உண்மையில் எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்று அன்றே சொன்னார்கள். சொல்லிவிட்டு, 'வரையும்போது இப்படித்தான்' என்றார்கள். எத்தனை ஆயிரம் அம்பு வரைந்திருப்பேன்! கை பழகிவிட்டது. வேதியியலில் அம்பு என்பது எலக்ட்ரானேதான். அது இருக்கும் இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குப் போக வேண்டும். நான் இல்லாத இடத்திலிருந்து எடுத்து, இருக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன். தாள் முழுக்க. ஆறு நாளைக்கு முன்னால் ஒரு பதினெட்டு வயதுப் பெண் அதை என் காதிலேயே சொன்னாள்.

கதவு திறந்தது. மேலாளர், "என்னப்பா, காலையிலயே?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். அப்புறம் வர்றேன்."

"சொல்ல வந்ததச் சொல்லிட்டுப் போ."

"வேணாம் சார். அந்தக் கிளை வேலை எனக்கு வேணாம்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. "யோசிச்சேன் சார்" என்றேன்.

"சரி. நாளைக்கு வந்து அழுதுட்டு நிக்காத."

மார்ச் 30

அம்மாவிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றாள். பிறகு அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

ஏப்ரல் 1

கொசுவிடம்: "அன்னைக்கு நீ சொன்னது சரி. எல்லாம் திரும்பித்தான் இருந்துச்சு."

"தெரியும்."

"கத்தினதுக்கு..."

"அதுவும் தெரியும் அங்கிள். எங்க ஃபிரிட்ஜ் இன்னும் ஒழுகுது."

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பின்பக்க வடிகால் குழாயில் அடைப்பு, ஊதிவிட்டேன். அவள் அப்பா அசந்துபோய்விட்டார். அவருக்கு நான் வேலை தெரிந்தவன் என்ற மரியாதை. மகளுக்கு நான் வேதியியலில் பூஜ்யம் வாங்கியவன். இரண்டும் நானே.

டீச்சரிடமும் சொன்னேன், சர்க்யூட் வரைந்து காட்டி. "இப்படி ஒரு தப்ப இதுவரைக்கும் யாரும் பண்ணதில்ல" என்று சொல்லிவிட்டு ஒரு கத்தைப் பயிற்சித் தாளைக் கொடுத்தார். "கை மாறணும். மூளைய நம்பாதீங்க."

ஏப்ரல் 9

கை மாறவில்லை. நிதானமாகப் போட்டால் சரி. வேகம் பிடித்தால் பழைய பக்கம் திரும்புகிறது. தேர்வில் வேகமாகத்தானே போட்டாக வேண்டும்?

ஏப்ரல் 13

விபரீதம் இன்று. வேலையிடத்தில் ஒரு வயரிங் படம் வரைந்தேன். எல்லா அம்பும் மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்கு! சுருட்டை கேட்டான்: "அண்ணே, உடம்பு சரியில்லையா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நொடியே பயம். இரண்டு பக்கமும் போச்சு என்றால் சோற்றுக்கு என்ன செய்வது?

ஏப்ரல் 20

நாளை மறுநாள். சாப்பாடு இறங்கவில்லை. படித்தது எல்லாம் யாரோ படித்தது போல இருக்கிறது. தங்கையிடம் அமிலத்துக்கும் காரத்துக்கும் வித்தியாசம் கேட்டேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏப்ரல் 22

எழுதிவிட்டேன்.

கணக்கு கைக்குள். உயிரியல் பரவாயில்லை. வேதியியலில் அம்பு போடும் கேள்விகள் மூன்று. ஒவ்வோர் அம்புக்கும் முன்னால், 'எங்கே இருக்கு? எங்கே இல்லை?' என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே போட்டேன். கண்காணிப்பாளர் வந்து, "சத்தம் வருது" என்றார். இப்போது நானும் கொசுதான்.

நேரம் பறக்கிறது, எனக்குப் பேனாவை விரட்ட வேண்டும்போல் கை துடிக்கிறது; விரட்டவில்லை. அதனால் கடைசிக் கேள்வியில் கை வைக்கவே முடியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் போனதால் ஒன்று விட்டுப்போனது. நல்லதா கெட்டதா? தெரியவில்லை.

மே 6

சுருட்டை இன்று மேற்பார்வையாளராகப் போனான். போகும்போது, "அண்ணே, ஏதாவது வேணும்னா ஃபோன் பண்ணுங்க" என்றான். முகத்தில் நக்கல் இல்லை. இருந்திருந்தால் தேவலை, திட்டியாவது இருக்கலாம்.

மே 19

அந்த மூன்றில் இரண்டாவது கேள்வி. அதில் கடைசி அம்பு... திருத்தினேனா, திருத்த நினைத்து விட்டுவிட்டேனா?

மே 20

திருத்தினேன்.

மே 21

இல்லையோ?

ஜூன் 8

பட்டியல் வந்தது. என் எண் இல்லை. வேதியியல் தேறியிருக்கிறேன், ஆனால் காத்திருப்போர் வரிசையில். யாராவது சேராமல் போனால்தான் எனக்கு. கொசுவுக்கு முதல் பட்டியலிலேயே கிடைத்துவிட்டது. ஃபோனில், "அங்கிள், நீங்களும் வருவீங்க" என்றாள். வாழ்த்துச் சொன்னேன். ஒழுங்காகச் சொன்னேனா தெரியாது.

முன்பின் தெரியாத யாரோ ஒருவன் வேறு கல்லூரிக்குப் போகட்டும் என்று நாள் முழுக்க வேண்டிக்கொண்டிருக்கிறேன். நல்ல மனுஷன்தான் நான்.

ஜூன் 12

ஃபோன் அடித்தது. வாடிக்கையாளர்.

ஜூன் 15

வாடிக்கையாளர். எரிந்து விழுந்தேன். பாவம், அவர் வீட்டில் பால் கெட்டுப்போயிருக்கிறது.

ஜூன் 27

தையல் கடைக்குப் போனேன். தையல்காரர் நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு, "வெள்ளைக் கோட்டா? டாக்டருக்கா தம்பி?" என்றார்.

"இல்லைங்க. பார்மசி காலேஜ். முதல் வருஷம்."

சொல்லிவிட்டு நானே அதை ஒருமுறை கேட்டுக்கொண்டேன். அவருக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. தோள் அளந்தார், கை அளந்தார். மார்பைச் சுற்றி நாடாவைக் கொண்டுவந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மூச்ச விடுங்க தம்பி. இப்படி அடக்கிட்டே நின்னா எப்படி அளவெடுக்கறது?"

விட்டேன்.