பெருக்கி வைத்ததால் 'சேதம் இல்லை' ஆன கீழ்த்தெரு

அனுப்புநர்:
தச்சர்,
கதவு எண் 17, கீழ்த்தெரு.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
மின் வழங்கல் அலுவலகம்.

பொருள்: புயலில் ஒடிந்த மூன்று மின்கம்பங்களை மாற்றாமலே எங்கள் தெருவைச் 'சேதம் இல்லை' எனப் பதிந்ததைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. புயல் அடித்து இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. மேல்தெருவுக்குப் பன்னிரண்டாம் நாளே மின்சாரம் வந்துவிட்டது. அங்கே தெருவிளக்கு பட்டப்பகலிலும் எரிகிறது. இரண்டு தெருவுக்கும் நடுவே ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் நாங்கள் மெழுகுவர்த்தி வாங்கி மாளவில்லை.

2. இதற்கு நானும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. புயலுக்கு மறுநாள், தெருவை அடைத்துக் கிடந்த பெரிய மரத்தை நான்தான் வாளெடுத்து அறுத்தேன். தெருவே கைகொடுத்தது. மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதிசெய்துகொண்டு, ஒடிந்த கம்பங்களைச் சுவரோரம் அடுக்கினோம். போதாக்குறைக்குக் கூட்டிப் பெருக்கியும் வைத்தோம். மேல்தெருவில் ஒரு குச்சியைக்கூட யாரும் நகர்த்தவில்லை.

3. ஒன்பதாம் நாள் தங்கள் ஆய்வாளர் ஜீப்பில் வந்தார். இறங்கவில்லை. பளிச்சென்று இருந்த தெருவைப் பார்த்துப் படிவத்தை நிரப்பிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் நான்கு முறை தங்கள் அலுவலகப் படியேறினேன். "விழுந்த மரம் எங்க, காட்டுங்க" என்று கேட்கிறார் எழுத்தர். அறுத்து அடுக்கிவிட்டோம் என்றால், அறுத்த மரத்துக்குப் படிவத்தில் இடமில்லையாம். பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநர் என்னிடம், "அண்ணே, மரம் அன்னைக்கு விழல. நீங்க அறுத்தப்புறம்தான் எங்க தலையில விழுந்துச்சு" என்கிறார்.

4. என் அக்காவுக்கு மூச்சிரைப்பு நோய். மருந்தை ஆவியாக்கித் தரும் மிஷினை இருவேளையும் வைத்தாக வேண்டும். மேல்தெரு முடிதிருத்துநர், நல்ல மனிதர், கடையில் ஒரு நாற்காலியும் ஒரு பிளக்கும் ஒதுக்கித் தந்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் ஒருவர் முகமெல்லாம் நுரையோடு சவரத்துக்குக் காத்திருக்க, அக்கா முகமூடியோடு உட்கார்ந்திருக்கிறார். சென்ற செவ்வாய்க்கிழமை கடையை எட்டுமுன்பே நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, ஐயா. அடுத்த முறை கடைவரை போய்ச் சேருவோமா என்று பயமாக இருக்கிறது.

5. எனவே மூன்று கம்பங்களையும் உடனே மாற்றி மின் இணைப்புத் தருமாறு வேண்டுகிறேன். மறுபடி ஆய்வு செய்துதான் ஆகவேண்டும் என்றால், வரும் தேதியை ஒரு நாள் முன்னதாகத் தெரிவிக்கவும். அடிமரம் இன்னும் என் பட்டறையில்தான் கிடக்கிறது. தெருவே சேர்ந்து உருட்டி வந்து, பழையபடி குறுக்கே போட்டு வைக்கிறோம். அன்றும் அக்காவுக்கு இருவேளை மிஷின் வைத்தாக வேண்டும். மரத்தைத் தாண்டி அவரைத் தூக்கிச் செல்ல என் ஒருவனால் ஆகாது. ஆய்வாளர் ஜீப்பை விட்டு இறங்கி ஒரு கை கொடுத்தால் போதும்.

நாள்: புயலுக்குப் பின் நாற்பத்தொன்றாம் நாள்
இடம்: கீழ்த்தெரு

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தச்சர்

இணைப்பு: எழுத்தர் கேட்ட மரத்தில் ஒரு துண்டு. கனமாக இருப்பதால் அலுவலக வாசலில் வைத்திருக்கிறேன்.