படுவான்கரை நெல்

மாசி 8, செவ்வாய்

காலையில் பனி. பிறகு நல்ல வெயில். நாலாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு. ஒருத்திக்கும் ஏறவில்லை.

தலைமை ஆசிரியை பத்திரிகை கொண்டுவந்து வாசித்தா. பீகாரில் நிலம் நடுங்கிப் பள்ளிக்கூடங்கள் இடிந்து கிடக்கின்றனவாம். பிள்ளைகள் மரத்தடியில் படிக்கிறார்களாம். நிலம் எப்படி நடுங்கும் என்று என் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். காற்றுக்குத் தோணி ஆடுவதுபோல என்றேன்.

அந்தப் பள்ளிகளைக் கட்ட ஏதாவது சேர்த்து அனுப்புவது என்று த.ஆ. சொன்னா. ஆரையம்பதியில் இந்த மாதம் யார் கையிலும் காசில்லை, மீன்பாடு மோசம். அண்ணன்தான் வழி சொன்னான். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், இப்போது சூடடிப்பு, களம் நிறைய நெல், நெல்லாகக் கேட்போம் என்று. காத்தான்குடி அகமதுலெப்பை முதலாளி விற்றுத் தருவார். தரகு வேண்டாம் என்றாராம். நல்ல மனிதர். சாக்கும் அவரே தருகிறார்.

அம்மாவுக்குத் தைலம். விளக்குத்திரி. மறக்கக் கூடாது.

மாசி 12, சனி

அண்ணனும் நானும் தோணியில் அக்கரை. வாவி கண்ணாடிபோல. தோணிக்கார வேலுப்பிள்ளை கூலி வாங்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் தோணியைத் தள்ளினார்.

களத்துக்குள் பெண்கள் போகக் கூடாது. நான் வரம்பில், மருதமர நிழலில். அண்ணன் உள்ளே போய்ப் பேசினான். ஒவ்வொருவராகக் கடகத்தில் கொண்டுவந்து சாக்கில் கொட்டினார்கள். சொந்தமாக ஒரு வரம்பும் இல்லாத கூலிக்காரர் ஒருவர் தன் கூலிநெல்லில் பாதியைக் கொட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மாட்டுக்குப் பின்னால் போய்விட்டார். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வயல்வட்டை முழுவதும் கந்தப்போடியாருடையது. அவர் களத்தை விட்டு வெளியே வந்து என் எதிரில் நின்றார். கோபமில்லை.

"வாத்தியாரம்மா, இந்தக் கரையில பொம்பிளைப் புள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இல்ல. என்ட மகள் வாவிக்கரையில நிண்டு உங்கட பள்ளி மணியக் கேட்டுக்கொண்டு இரிக்காள். இடிஞ்ச பள்ளிக்கூடத்துக்கு நீங்க வந்து கேக்கிறீங்க. இல்லாத பள்ளிக்கூடத்துக்கு நான் ஆரிட்டப் போய்க் கேக்கிற?"

"நீங்க கேக்கிறது சரி போடியார்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

திரும்பிப் போய்விட்டார். இனி ஒன்றும் தரமாட்டார் என்று அண்ணன். பொழுதுபடத் துறைக்கு அவருடைய வண்டில் வந்தது, மூட்டைகளோடு. மற்ற எல்லாரும் தந்ததைவிட அதிகம். கூடவே அவரும் வந்தார். மகளை என் வீட்டில் விடுங்கள், அம்மாவும் நானும் மட்டும்தான், படிக்க வைக்கிறேன் என்றேன். ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு போனார்.

இரவு அண்ணியின் உறவினர் வீட்டில். தயிரும் சோறும்.

மாசி 13, ஞாயிறு

நடு வாவியில் மழை. மாசியில் இப்படி மழையா. மூட்டைகளை மூட, நனைந்த பாய் ஒன்றும் என் குடையும்தான். காத்தான்குடித் துறைக்கு வந்தபோது சாக்குகளில் இருந்து தண்ணீர் வடிகிறது. போடியார் முகம், அந்தக் கூலிக்காரர் முகம், கண்ணுக்குள். எல்லாம் முளைத்துப் போகப்போகிறது என்று துறையிலேயே அழுதுவிட்டேன். வெட்கம்.

லெப்பை முதலாளி சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தார். வீட்டுக்குப் போய் மனைவியைக் கூட்டிவந்தார். சுலைகா ராத்தா என்று எல்லாரும் கூப்பிடுகிறார்கள்.

"ஏன் புள்ள அழுவுற? நெல்ல அவிக்கிறதுக்கு எப்பிடியும் நனைக்கத்தானே வேணும். மழை நனைச்சுத் தந்திரிக்கு. அவிச்சிருவம்."

பள்ளிவாசலில் இருந்து கந்தூரிச் சோறு ஆக்கும் பெரிய கிடாரங்கள் வந்தன. தெருப் பெண்கள் ஆளுக்கு ஒரு கட்டு விறகோடு. நெசவுக்காரர் தறியை ஓரமாக்கிக் கொட்டிலைத் தந்தார்கள், நெல் காயவைக்க. அவர்களுக்கு அன்றைய வேலை போனது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பீகார் எங்கே இருக்கிறது என்று ஒரு பெண் கேட்டா. கப்பலில் போய்ப் பிறகு ரயிலில் என்றேன். "அவ்வளவு தூரமா, பாவம் புள்ளைகள்" என்று இன்னும் விறகு வைத்தா.

இஞ்சிக் கோப்பி தந்தார்கள். கையில் ஆவி பட்டுக் கொப்புளம். வலிக்கவில்லை.

மாசி 20, ஞாயிறு

வெயில். அவித்த நெல் முழுவதும் விற்றாயிற்று, பச்சை நெல்லைவிட நல்ல விலைக்கு. முதலாளி தன் பங்குக்கும் சேர்த்தார். எவ்வளவு என்று சொல்லவில்லை. பணம் நாளை தபாலில் போகிறது. யார் பெயரில் அனுப்புவது என்று கேட்டோம். ஆரையம்பதி, காத்தான்குடி, படுவான்கரை, மூன்றையும் போடச் சொன்னார்.

தைலம் வாங்கவே இல்லை. அம்மா முணுமுணுப்பு.

மாசி 21, திங்கள்

பல்விளக்கிக்கொண்டு நிற்கிறேன், வாசல் படலையில் கந்தப்போடியார். தோளில் அரிசி மூட்டை. பின்னால் மகள் வள்ளியம்மை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள்.

"ஒராளத்தான் கொண்டுவந்த நான்" என்றார். "மத்ததுகள் தோணிக்குள்ள ஏறி இருந்திட்டுதுகள். இறங்கச் சொன்னா இறங்குதுகள் இல்ல. தாய் தகப்பனும் கரையில நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறாங்க, ஒண்டும் சொல்றாங்க இல்ல."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மூன்று பிள்ளைகளையும் பார்த்தா. உலைப்பானையை இறக்கிவிட்டுப் பெரிய பானையை எடுத்தா.

வகுப்பில் மூவரும் ஒரே வாங்குப் பலகையில், நெருக்கியடித்து. மற்றப் பிள்ளைகள் சிலேட்டுக் கொடுத்தார்கள். வள்ளியம்மை மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து வெளியே பார்க்கிறாள்.

பாய் வேண்டும். தலையணைக்குப் பஞ்சு. சின்னவளுக்கு இருட்டென்றால் பயமாம், என் பக்கத்தில்தான் படுப்பாளாம். கூப்பிடுகிறாள்.