வளைந்த ஆணி இரண்டு

3 ஆகஸ்ட் 1983, புதன்

ஆடிக் காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் எதிர்வீட்டுச் சுவரில். காலை டூட்டி.

இவர் சிகரெட்டை விட்டு மூன்றாம் நாள். டாக்டர் எக்ஸ்ரேவைத் தூக்கிக் காட்டியபோது பயந்தது நான்தான். இவர், "படம் நல்லா விழுந்திருக்கு" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு வருஷம் இப்படியே ஊதினாருன்னா எங்கிட்ட வராதீங்க." இதற்கு முன் இரண்டு தரம் விட்டவர், இரண்டு தரமும் ஐந்தாம் நாள் திரும்பப் பிடித்தவர்.

கிராம்பு, ஏலக்காய் எல்லாம் கொடுத்தாயிற்று. வாய் சும்மா இருக்கிறது. கைதான் இருக்க மாட்டேன் என்கிறது. நேற்று ஒரு பெட்டி தீக்குச்சியை ஒடித்துப் போட்டிருக்கிறார். தாலுகா ஆபீசில் குண்டூசியை வளைக்கிறாராம்.

கைக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும். யோசித்தது:

ஜெபமாலை — சாமி கும்பிடாத மனுஷன்.
ரப்பர் பந்து — ஹெட் கிளார்க் மேஜையில் பந்து உருண்டால் மானம் போகும்.
சாவிக்கொத்து — சுற்றிச் சுற்றி ஜன்னல் வழியே விட்டுவிடுவார்.

4 ஆக., வியா.

மார்த்தா வந்தாள். செங்கம் ரோட்டில் அறை எடுத்திருக்கும் வெள்ளைக்காரி. மாதம் ஒரு தரம் ஊருக்குப் பேச எங்கள் தபாலாபீஸ் கவுண்டரில் ட்ரங்க் கால் புக் செய்வாள். லைன் கிடைக்க மூன்று மணி நேரம். மற்றவர்கள் என்னை வறுத்தெடுப்பார்கள். இவள் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு முறைகூட "லைன் வந்துச்சா" இல்லை.

கேட்டேன். காட்டினாள். இரும்பில் குதிரை லாடம் இரண்டு, நடுவில் ஒரு வளையம். வளையத்தைக் கழற்றுவதுதான் விளையாட்டாம். பார்க்காமலே கழற்றினாள்.

எனக்கு உடனே இவர் விரல் ஞாபகம். அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். சிகரெட் பிடிப்பது போல் நடித்தும் காட்டினேன். கால் புக் செய்ய வந்திருந்த ஜவுளிக்கடை பாய், "இன்னாம்மா, டிராமாவா?" என்றார்.

இன்னும் இரண்டு வகை வைத்திருக்கிறாளாம். அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறாள். ஒன்று எனக்கு.

6 சனி

நேற்று ஐந்தாம் நாள். தாண்டியாயிற்று, ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்று தட்டைத் தள்ளிவிட்டு.

மார்த்தா மூன்றையும் கவுண்டரில் பரப்பினாள்.

லாடம் — கனம் நன்றாக இருக்கிறது. ஆனால் "நான் என்ன வண்டிமாடா?" என்பார். சத்தமும் ஜாஸ்தி.
கோத்த மோதிரங்கள் — நான் நாலு தரம் ஆட்டியதுமே கழன்றது. ஒரு நாளைக்குக்கூட வராது.
வளைந்த ஆணி இரண்டு — ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருக்கிறது. முனை மழுக்கியிருக்கிறது. கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். முதலில் குளிர்ச்சி, கொஞ்ச நேரத்தில் கைச்சூடு ஏறிவிடுகிறது. அரை மணி போராடியும் கழலவில்லை.

சுலபமாக இருந்தால் அலுத்துப்போகும். கஷ்டமாக இருந்தால் கோபம் வரும், கோபம் வந்தால் இவருக்கு முதல் வேலை சிகரெட். இந்த பயத்தோடுதான் ஆணியை எடுத்தேன்.

அப்புறம்தான் கிழமை உறைத்தது. சனிக்கிழமை இரும்பு வாங்கி வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டோம். திங்கட்கிழமை வாங்கிக்கொள்கிறேன் என்றதும் அவள் முகம் வாடிவிட்டது, வேண்டாம் என்கிறேனாக்கும் என்று. "சாட்டர்டே... அயர்ன்... நோ" என்று உளறினேன். கடைசியில் அவளே என் மேஜை டிராயரில் போட்டு மூடினாள். டிராயர் சர்க்கார் சொத்து. சனி பகவான் சர்க்காரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

8 திங்கள்

சாயங்காலம் கொடுத்தேன். எதற்கென்று சொல்லவில்லை. ஆபீஸ் மேஜைக்கு என்றேன்.

"இன்னாது, ஆணியா? யார் தலையில அடிக்க?"

காப்பி ஆறுகிற வரை உருட்டினார். எட்டாம் நாள்.

11 வியா.

இவர் ஆபீஸ் பியூன் முனுசாமி கவுண்டருக்கு வந்தான், வேலூருக்கு ஒரு கால். சொன்னது:

"சார் கை ஓயறதே இல்லம்மா. வலது கைல ஃபைலு, இடது கைல அது. பட்டாவுக்கு வர்ற ஜனங்க இன்னா நெனச்சிக்கினு கீது தெரியுமா? அத கழட்டிட்டா சார் கையெழுத்து போட்ருவாராம்! அடி அண்ணாமல ஊரு பெருசு ஒண்ணு நாளைக்கு வந்து கழட்டறேன்னு சொல்லிட்டுப் போயிருக்குது."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். இவருக்கு இருமல் கம்மி. மார்த்தாவுக்கு வழிக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினேன்.

12 வெள்ளி

அம்மன் கோயிலில் கூழ். மத்தியானத்திலிருந்து மைக்செட்.

இவர் ஆறரைக்கு வந்தார். செருப்பை விட்ட விதமே சரியில்லை. சட்டைப் பையில் வெள்ளையாக ஒரு முனை. சிகரெட். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரே சொன்னார்.

"நாலு நாளா நான் உருட்டறேன் சரசு. அந்தப் பெருசு ரெண்டே நிமிஷம். கழட்டி, மேஜை மேல வச்சிட்டு, 'கையெழுத்துங்க ஐயா'ன்னு நிக்குது. ஆபீஸே சிரிக்குது."

"போட்டீங்களா?"

"பேப்பர் சரியாத்தான் இருந்துச்சு. போட்டேன். நேரா கடைக்குப் போயி இத வாங்கினேன்."

"பத்த வச்சீங்களா?"

"இல்ல. ஆணிய சேத்துட்டுத்தான் பத்த வைக்கறதுன்னு எனக்கு நானே ஒரு பந்தயம். டீக்கடை பெஞ்சுல ஒரு மணி நேரம். சேரல."

இரண்டு ஆணியையும் ஸ்டூல்மேல் வைத்தார், பக்கத்தில் சிகரெட்டையும். சேர்க்காமல் விடுவதில்லை என்று சொல்லிக்கொண்டே குளிக்கப் போனார்.

சும்மாதான் எடுத்தேன். இப்படி ஒரு திருப்பு, அப்படி ஒரு திருப்பு. சட்டென்று கோத்துக்கொண்டது.

உள்ளே சொம்பு வைக்கிற சத்தம். எப்படிச் சேர்ந்தது என்றே தெரியவில்லை, எப்படிக் கழற்றுவது? முந்தானையால் பிடித்து முறுக்கினேன், இழுத்தேன், மாரியாத்தா என்றேன். கழன்றது. அவர் வைத்த மாதிரியே வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

தலைகூடத் துவட்டவில்லை. உட்கார்ந்துவிட்டார். உருட்டுகிறார். பன்னிரண்டாம் நாள்.