வலப்பக்கத்துப் பந்து

மார்ச் 3, செவ்வாய்

மருமகள் வலது முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, அந்தக் காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். அரை மணி நேரம் அசையக் கூடாது என்பது பிசியோவின் உத்தரவு. ஐந்தாவது நிமிடமே அடுப்பை அணைத்தேனா என்று எழுந்துவிடுகிற ஆள் இவள். அதனால்தான் மகனிடம் சொல்லி ஒரு நோட்டு வாங்கினேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இவள் எழுத வேண்டும்.

"மாமா, என்னை உக்கார வைக்கத்தானே இந்த நாடகம்?"

"அதையும் எழுதும்மா."

எழுதிவிட்டாள். நல்ல பெண்.

நோட்டில் முதலில் இருக்க வேண்டியது இதுதான். இவள் நகரத்துப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பதினோரு வருடமாக. போன ஜூலையில் ஒரு பந்துக்கு எம்பி இறங்கும்போது முழங்காலுக்குள் தசைநார் அறுந்தது. ஆகஸ்டில் ஆபரேஷன். வயது முப்பத்துமூன்று. 'இதோடு போதும்' என்று இவளிடம் சொல்லாதவர்கள் இந்தத் தெருவில் இரண்டே பேர். நானும் என் மகனும்.

இவள் திரும்பி ஆட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

மார்ச் 5, வியாழன்

நாற்பத்தோரு வருடம் மைதானத்தில் வேலை பார்த்தேன். புல் வெட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை கட்டுவது, ஸ்கோர் பலகையில் எண் தகடு மாட்டுவது. எழுத்து வராவிட்டாலும் எண் வரும். அதை நம்பி வேலை கொடுத்தார்களே, அந்தப் புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும்.

இன்று இவளுக்கு 'பூட்டு' கதை சொன்னேன். பூட்டு என்றால் ஊர் அணியின் கேப்டன். அவன் பின்னால் நின்றால் கோலுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி, அதனால் அந்தப் பெயர். அன்றைக்கு அந்தப் பூட்டையே உடைத்து எதிரணி மூன்று கோல் போட்டிருந்தது. நமக்குச் சுழி. மழை வேறு. போதாததற்குப் பூட்டின் மண்டை உடைந்து, தையல் போட உள்ளே கூட்டிப் போயிருந்தார்கள். சமம் ஆனாலே கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பலாம். ஆனால் பதினைந்து நிமிடத்தில் மூன்று கோல் யார் அடிப்பது?

என் கடைசி பஸ் ஆறு பத்துக்கு. தகடுகளைத் துடைத்து அடுக்கவே இருபது நிமிடம் ஆகும். அதனால் தோற்கிற ஆட்டமென்றால் முன்கூட்டியே கழற்றிவிடுவேன். தோற்ற எண்ணை யார் பார்க்கப்போகிறார்கள்? அன்றும் கழற்றினேன். கடைசித் தகட்டைப் பெட்டியில் வைக்கிறேன், ஒரு கோல். திரும்புவதற்குள் இன்னொன்று. பதறிப்போய் மறுபடி மாட்ட ஏறினால் பெட்டி கைநழுவி ஏணிக்குக் கீழே சாக்கடையில் விழுந்தது. நான் சாக்கடைக்குள் கை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதும் விழுந்தது. சமம்!

அப்போதுதான் பூட்டு திரும்பி வருகிறான். தலையோடு காதையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பலகையைப் பார்க்கிறான், வெறும் பலகை. நான் தகடு கழற்றினால் தோல்விதான் என்பது ஊருக்கே தெரியும். மற்ற பத்துப் பேரும் சமத்தைக் காப்பாற்றப் பின்னால் வந்து நிற்கிறார்கள். இவன் மட்டும், இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறான். கத்துகிறார்கள். கேட்டால்தானே? ஓடிப்போய் அடித்தான். நாலு மூன்று.

தோளில் தூக்கிக்கொண்டு வந்தபோது அவன் கேட்டது: "எதுக்குடா தூக்குறீங்க? தோத்தவனத் தூக்குறது புதுப் பழக்கமா?"

மறுநாள் பேப்பரில் கேப்டனின் வைராக்கியம் என்று போட்டிருந்ததாம். வைராக்கியம் பாதி, என் சாக்கடைப் பெட்டி பாதி.

இவள் சிரித்த சிரிப்பில் ஐஸ் பை கழன்று விழுந்துவிட்டது.

மார்ச் 11, புதன்

முழங்கால் நூற்றிருபது டிகிரி மடங்கியது. பிசியோ கை தட்டினாராம். அந்தக் கைக்கு நன்றி.

மார்ச் 20, வெள்ளி

தினமும் ஒருவர் கதை சொல்கிறேன். விழுந்து எழுந்தவர்கள் கதை. முதல் இரண்டு செட்டைப் பறிகொடுத்துவிட்டு மூன்றையும் பிடுங்கிக்கொண்ட வாலிபால்காரர்கள். ஒரு கண் மூடிப்போன பிறகு எதிராளியைச் சாய்த்த குத்துச்சண்டைக்காரன். இன்றைக்குத் தபால்காரி.

அவளுக்கு வேலை தபால் பட்டுவாடா. ஓட்டம் பத்தாயிரம் மீட்டர், இருபத்தைந்து சுற்று. மூன்றாம் சுற்றில் யாருடைய காலோ தடுக்கி விழுந்தாள். ஷூ ஒன்று கழன்று போய்விட்டது. அதைத் தேடி, மாட்டி, முடிச்சுப் போட்டு - நிதானமாக, இரட்டை முடிச்சு - எழுந்தபோது மற்றவர்கள் அரைச் சுற்று முன்னால். கடைசிச் சுற்று மணி அடிக்கிறவன் நான். மணி அடிக்கும்போது அவள் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். அடித்த மணியை நிறுத்த மறந்துவிட்டேன். முடிவுக்கோட்டை அவள் முதலில் தாண்டியபோதும் அடித்துக்கொண்டே இருந்தேன். மானேஜர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரட்டை முடிச்சா போட்டாங்க? அவ்வளவு நேரத்துல?" என்றாள் மருமகள்.

"அவசரத்துல ஒத்தை முடிச்சுப் போட்டவங்க ரெண்டாந்தரம் விழுந்ததையும் பாத்திருக்கேம்மா."

ஏப்ரல் 2, வியாழன்

இவள் அணியின் கோச்சம்மா வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை, நின்றபடியே பேசினார். மே பத்தாம் தேதி வெளியூர் ஆட்டம். அதற்குப் பிறகு இந்த சீசனில் இரண்டுதான் பாக்கி. "எங்கிட்ட பத்தொம்பது வயசுப் பொண்ணு ஒருத்தி இருக்கா, நல்லாத்தான் பிடிக்கிறா. உனக்காக இடத்த காலியா வெச்சிருக்க முடியாதும்மா. பத்தாம் தேதி பாதி ஆட்டம் தர்றேன். முடியும்னா வா. இல்லைன்னா கோல்கீப்பிங் சொல்லிக் குடுக்க வா. ரெண்டுல ஒண்ணு."

கசப்பாகப் பேசினாலும் நேராகப் பேசினார். நேராகப் பேசுகிறவர் வீடு தேடி வருவதே பாக்கியம். மருமகள் அப்படி நினைக்கவில்லை. இந்த வரியை எழுதும்போது உதட்டைக் கடிக்கிறாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வீட்டுக்குப் பின்னால் பழைய மெத்தையை விரித்து மகன் பந்து போட்டான், இவள் பாய்ந்து பிடித்தாள். நான் படியில் உட்கார்ந்து எண்ணினேன். நாற்பது பந்து. முப்பத்தாறு இடப்பக்கம், நான்கு நேராக. வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு பந்து மகனின் கை தவறி வலப்பக்கம் போனது. இவள் பாயவில்லை. இரண்டு எட்டு நடந்துபோய், உருண்டோடும் டம்ளரைத் தடுப்பது போலக் காலால் தடுத்தாள்.

இவளுக்கு முழங்கால் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. வலப்பக்கம் விழ இவளுக்குப் பயம். இது கோச்சம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரி

ஏப்ரல் 14, செவ்வாய்

மகன் எழுதுகிறான். பஸ் ஓட்டுகிறவன். கையெழுத்தும் மேடுபள்ளத்தில் போகிற மாதிரிதான் இருக்கிறது என்று அவனே சொல்கிறான்.

அன்றைக்குப் பாதி எழுத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனவள்தான். நோட்டு பிரிட்ஜ் மேலே போய்விட்டது. வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது, 'மாமா' வரவில்லை.

அவள் முகத்துக்கு முன்னால், அவள் கையாலேயே அதை எழுத வைத்தேனே, எனக்கு அறிவு இருக்கிறதா? எழுபத்தாறு வயதில் எந்தப் பேச்சை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மகனிடம் கேட்டேன், ஏன்டா ஒரு பக்கமாவே போட்ட என்று. தலையைக் குனிந்துகொண்டான். "வேணும்னுதான்பா போட்டேன். அந்தப் பக்கம் விழுந்தா வலிக்குமேன்னு." இதை எழுத யோசிக்கிறான். எழுதுடா.

ஏப்ரல் 17, வெள்ளி

காலையில் நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். ஐஸ் பையைக் கட்டிக்கொண்டாள்.

"மாமா."

அந்தச் சொல்லைக் கேட்டு ஐந்து நாளாயிற்று.

"ஒண்ணு கேக்கறேன். மழுப்பக் கூடாது. ஒன்றரை மாசமா எனக்குக் கதை சொல்றீங்க. எல்லாரும் திரும்பி வந்தாங்க, எல்லாரும் ஜெயிச்சாங்க. வராதவங்க ஒருத்தர்கூட இல்லையா?"

கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டேன். அவன் பந்தை ஒரு பக்கமாகப் போட்டான், நான் கதையை ஒரு பக்கமாகப் போட்டிருக்கிறேன். அவனைக் கேள்வி கேட்க நான் யார்?

இருந்தார்கள். நிறையப் பேர். வந்தவர்களை விட வராதவர்கள்தான் அதிகம். இவளுக்கு ஒருவனைப் பற்றிச் சொன்னேன். அவனும் கோல்கீப்பர்தான். நெட்டையன், கழுத்து நீளம், எல்லாரும் 'ஒட்டகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். தோள்பட்டை முறிந்து ஒரு வருடம் வீட்டில் இருந்தான். திரும்பி வந்தான். பதினோரு நிமிடம் ஆடினான். மூன்று கோல் விட்டான். மூன்றுமே தோளுக்கு மேலே போன பந்துகள், கை எழவே இல்லை. யாரும் சொல்லாமலேயே கையுறைகளைக் கழற்றி நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடந்து வெளியே போனான். நடுவர் அதை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார். மூன்று தகட்டையும் மாட்டியவன் நான்.

"அப்புறம்?"

"டயர் கடை வெச்சான். நல்லா ஓடுது. ஒரு நாள் கேட்டேன், ஏண்டா அன்னிக்கு இறங்குன, பேர் கெட்டுப்போச்சேன்னு. அவன் சொன்னான், 'அண்ணே, அந்தப் பதினோரு நிமிஷம் இறங்கலைன்னா, வர்ற ஒவ்வொரு கஸ்டமர்கிட்டயும் நான் மட்டும் அன்னிக்கு இறங்கியிருந்தா அப்படின்னு பேசிக்கிட்டே இருந்திருப்பேன். ஒரு டயர்கூட மாட்டியிருக்க மாட்டேன்.'"

இவள் சிரிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, "பயமா இருக்கு மாமா. அந்தச் சத்தம் - அறுந்தப்போ உள்ளே கேட்டுது பாருங்க ஒரு சத்தம் - வலது பக்கம் சாஞ்சாலே அது கேக்குது" என்றாள்.

ஒன்பது மாதத்தில் இதை யாரிடமும் சொல்லாதவள் இன்று சொன்னாள். கோபித்துக்கொண்டு போனவள் திரும்பி வந்து சொன்னாள். ஐஸ் உருகும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பத்துப் பந்து வலப்பக்கம். பத்தையும் விட்டாள். விழவில்லை. ஆனால் மகன் நிறுத்தப் போனபோது "போடுங்க" என்றவள் அவள்தான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்று ஒன்று. பாய்ச்சல் என்று சொல்ல முடியாது, பாதி உட்கார்ந்து பாதி சாய்ந்த மாதிரி. "மெத்தை இருந்துச்சு, அதான்" என்கிறாள். தரை என்றால்? தெரியாது என்கிறாள். இருக்கட்டும். மெத்தையைத் தைத்தவனுக்கும் ஒரு கும்பிடு.

மே 9, சனி

நாளைக்கு ஆட்டம். முதல் பாதி அந்தப் பத்தொன்பது வயசுப் பெண், இரண்டாம் பாதி இவள். வேனில் போகிறார்கள். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை.

நான் வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மாமா. நீங்க வந்தா பந்தப் பாக்க மாட்டேன், உங்க மூஞ்சியத்தான் பாப்பேன்."

"என் மூஞ்சில அப்படி என்ன இருக்கு?"

"ஸ்கோர் போர்டு."

வாய்க்கொழுப்புக்காரி. ஆனால் சொன்னது நிஜம். ஆசை, பயம், எல்லாம் என் முகத்தில் தகடு மாட்டியது போலத் தொங்கும். போகவில்லை. பையில் கையுறை இரண்டு ஜோடி வைத்தாளா என்று மட்டும் பார்த்தேன். வைத்திருந்தாள்.

மே 11, திங்கள்

மகன் எழுதுகிறான். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் வேன் வந்து நின்றது. கோச்சம்மா ஜன்னல் வழியே கையை மட்டும் காட்டினார். அவர் கை காட்டியதை வைத்து என்ன கண்டுபிடிப்பது? இவள் லேசாக நொண்டிக்கொண்டே வந்தாள். "ரெண்டு ஒண்ணு, தோத்துட்டோம் மாமா. ரெண்டாவது கோல் நான் விட்டதுதான்" என்றாள். குளித்தாள், இரண்டு வாய் சாப்பிட்டாள், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டாள். மகன் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆனாலும் கேட்கவில்லை.

இந்த வீட்டில் துணி துவைப்பது என் வேலை. விடிந்ததும் அவள் பையைப் பிரித்தேன். ஜெர்சியின் இடப்பக்கம் கொஞ்சம் அழுக்கு, அவ்வளவுதான். வலப்பக்கம் தோளிலிருந்து இடுப்பு வரை, அதற்குக் கீழே அரைக்கால் சட்டையிலும், ஒரு விரல் கனத்துக்குச் சேறு. ஒரு தடவை விழுந்த சேறு இல்லை. சேற்றின் மேல் புல், அதன் மேல் மறுபடி சேறு. நாற்பத்தோரு வருடம் அந்த மாதிரித் துணிகளைப் பார்த்தவன். மூன்று தடவை, இல்லை, நான்கு.

அதைக் கையில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றேன். மகன் வந்து, "என்னப்பா, அழுறீங்களா?" என்றான். சோப்புத் தூள் கண்ணில் பட்டுவிட்டது என்றேன். பாக்கெட்டை இன்னும் பிரிக்கவே இல்லை என்றான்.

ஏழரைக்குக் கோச்சம்மா போன் செய்தார். காலுக்கு நன்றாக ஐஸ் வைக்கச் சொன்னார். புதன்கிழமை ஐந்து மணிக்குப் பயிற்சி, தாமதமாக வந்தால் மைதானத்தை இரண்டு சுற்று ஓட வைப்பேன் என்று சொல்லச் சொன்னார்.

சேற்றை ஊறவைத்து, பிரஷ் போட்டு, இரண்டு தண்ணீரில் அலசி, வெயில் விழுகிற பக்கமாகக் காயப்போட்டிருக்கிறேன். புதன்கிழமைக்குள் காய்ந்துவிடும்.