எனக்கு மட்டும் சொல்லாதது

2024 மே 6, திங்கள்

கெலிஓயாவில் விடியலிலிருந்து மழை. மகள் ஹிதாயாவுக்கு நாலு மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை. வலது கையை விரித்துவிட்டால் பெருவிரலை உள்ளே வைத்து மறுபடியும் பொத்திக்கொள்கிறாள். கணவர் ருஷ்தியிடம் காட்டினேன். "எல்லாப் புள்ளயும் ஒரே மாதிரியா வளருது? சும்மா யோசிக்காதீங்க" என்று கடைக்குப் போய்விட்டார். என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

மே 9

பிள்ளையை நிறுக்க வந்த மிட்வைஃப், இரண்டு கைகளையும் பிடித்து அவளைத் தூக்கி இருத்தினார். தலை பின்னால் விழுந்தது. "பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. பிந்த வேணாம்."

ருஷ்தி, அடுத்த மாதம் பார்ப்போம் என்கிறார். அஸீமா ராத்தாவைக் கேட்டேன். என் கூடப்பிறந்த அக்கா, அவளும் அதையே சொல்கிறாள். ஏன் இருவருக்கும் ஒரே பேச்சு?

மே 14

நானே பஸ் ஏறிப் போனேன்.

டொக்டர் பிரியாந்தினி, கார்டில் பிள்ளையின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "குளிர் மெத்தையில வைச்சிருந்த பிள்ளையெல்லோ? ஏன் அம்மா பிறகு கிளினிக்குக்கு வரேல்லை?"

என்ன குளிர் மெத்தை என்று கேட்டேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையா?"

மெதுவாகச் சொன்னார். பிறக்கும்போது தொப்புள்கொடி கழுத்தில் இறுகி மூளைக்கு ஒட்சிசன் போகவில்லை. பிள்ளை அழவில்லை. அன்றே வலிப்பு. மூளை மேலும் சேதமாகாதிருக்க மூன்று நாள் உடம்பைக் குளிரில் வைத்திருந்தார்கள். "கணவருக்கு வடிவா விளங்கப்படுத்தினனாங்கள். உங்கட அக்காவும் பக்கத்தில நிண்டவ."

பிரசவ ஒப்பரேஷனுக்குப் பிறகு இரத்தம் நிற்காமல் நான் வேறொரு ஆஸ்பத்திரியில் கிடந்தேன்; பிள்ளையை மட்டும் பேராதனைக்குக் கொண்டு போயிருந்தார்கள். ராத்தா வந்து சொன்னாள், "புள்ளைக்கு மஞ்சள் காமாலை. லைட்டுக்குக் கீழ வச்சீக்கி. நல்லா ஈக்கிறா." நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். எனக்குக் குளிர்கிறதென்று இன்னொரு போர்வையும் போர்த்திவிட்டாள்.

அதே நேரம் என் பிள்ளை குளிரில் கிடந்திருக்கிறாள்.

மே 15

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. ருஷ்தியிடம் கேட்டேன். மறுக்கவில்லை.

"நீங்க பயோலொஜி டீச்சர். ஒண்டு சொன்னா பத்து தேடிப் பாப்பீங்க. ரத்தம் போய்க் கெடந்த ஆளுக்கிட்ட எப்பிடிச் சொல்ற? பொறகு... சொல்ல ஏலாமப் போச்சு."

"சரி, கிளினிக்குக்கு ஏன் கொண்டு போகல்ல?"

"போனா உங்களுக்குத் தெரிய வருமே."

இதுதான். இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவருடைய பொய்யைக் காப்பாற்ற என் பிள்ளையின் மாதங்கள் போயிருக்கின்றன.

மே 16

எது நடந்தாலும் முதலில் ராத்தாவிடம்தான் சொல்வேன். இப்போது யாரிடம் சொல்வது?

மே 19

ராத்தா வந்தாள். "ஒனக்காகத்தான்டி செஞ்ச. பொம்புளப் புள்ள. ஊரு கதைச்சா நாளைக்கி அவளுக்குத்தானே கஷ்டம்."

"ஊருக்கு மறைச்சது போகட்டும் ராத்தா. எனக்கு ஏன் மறைச்ச?"

அவள் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினாள். கொடுக்கவில்லை. அழுதுகொண்டே போனாள். நானும்தான் அழுதேன், அவள் போன பிறகு.

ஜூன் 4

பயிற்சி தொடங்கிவிட்டது. பொத்திய கையை விரித்து, துணி, கரண்டி என்று ஒவ்வொன்றாகத் தொடவைக்க வேண்டும். குப்புறப் படுக்கவைத்துத் தலையைத் தூக்கப் பழக்க வேண்டும். டொக்டர் சொன்னார், "சேதமான இடம் திரும்பி வராது. ஆனா இந்த வயசில மூளை வேற வழி தேடும். கையைப் பாவிக்கப் பாவிக்கத்தான் அந்த வழி உண்டாகும்."

"முந்தியே வந்திருந்தா?"

பிள்ளையின் கையை விரித்துத் தன் விரலைப் பிடிக்கவைத்தார். "இப்ப வந்திட்டியள்தானே."

ஜூன் 22

இன்று தலையைத் தூக்கினாள். ஒரு கணம்தான். யாரையும் கூப்பிடவில்லை. நான் மட்டும் பார்த்தேன்.

ஜூலை 16

ஸ்கேன் முடிவைச் சொன்னார்கள். வலது பக்கம் பலவீனமாகத்தான் இருக்கும். நடப்பது பிந்தும். பேச்சைப் பற்றி இப்போதே சொல்ல முடியாதாம்.

வீட்டுக்கு வந்தால், ருஷ்தி கடையை நேரத்தோடு பூட்டிவிட்டுக் காத்திருந்தார். "என்ன சொன்னாங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவரும் தெரியாமல் தவிக்கட்டும் என்று. கதிரையில் இருக்கச் சொல்லி, ஒன்று விடாமல் சொன்னேன். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை.

"அடுத்த தரம் நானும் வரட்டா?"

"வாங்க. புள்ளைய நீங்க தூக்கிக்கோங்க. டொக்டர் எனக்கிட்டப் பேசட்டும்."

முன் அறையில் அவருக்குப் பாய் போட்டுவிட்டு, நான் ஹிதாயாவின் பக்கத்தில் படுத்தேன்.